முன் ரயர்

என் கராஜின் சுவரில் 'சர்விஸ் கூலி 2500' என்று சிவப்புப் பெயின்ரால் எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பேரம் பேசுவார்கள்.

"அங்காலை ஆயிரத்தைஞ்ஞூறுக்குச் செய்யிறாங்கள், தம்பி."

ஆயிரத்தைந்நூறுக்கு நானும் செய்வேன். அந்த விலைக்குச் சில நட்டுகளைத் திறக்கமாட்டேன். எந்த நட்டுகள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதுமில்லை. கழுவித் துடைத்து அனுப்பினால், வந்ததைவிடப் பளபளப்பாகத்தான் திரும்பிப் போகும். பளபளப்புக்குச் செலவு குறைவு. நியாயமான விலை எது என்று என்னைக் கேட்டால், நான் பூட்டிய மோட்டார் சைக்கிளில் என் பிள்ளையை ஏற்றி அனுப்புவதென்றால் எவ்வளவு கேட்பேனோ அதுதான். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் இந்தக் கணக்கை நான் அதிகம் போட்டுப் பார்த்ததில்லை.

கராஜ் புத்தூரில், பருத்தித்துறை வீதியோரம். தகரக் கூரை, சீமெந்து நிலம், காற்றடிக்க ஒரு கொம்பிரெசர். தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டேன். ஐஸ் தொழிற்சாலையில் இரண்டு வருடம் இரவு வேலை பார்த்து அதையும் விட்டேன். இதை மட்டும் இன்னும் விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாற்றிய சாமானின் பழையதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தீய்ந்த பிளக், தேய்ந்த பிறேக் கட்டை, அறுந்த கேபிள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு ஹான்டிலில் கொழுவிவிட்டால்தான் காசு சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். அதைக் கொண்டுபோய் அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. வேலியோரம் எறிவார்கள். ஆனாலும் கண்ணால் பார்க்கவேண்டும். பழையது கையில் இருந்தால் புதியது வாகனத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

நாகேஸ்வரி அக்கா ஆனி மாதத்தில் ஒருநாள் காலை வந்தார். மோட்டார் சைக்கிளை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, கீறுப்படாமல் இரண்டு பக்கமும் பழைய மெத்தை வைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நோயாளியைக் கொண்டுவந்தது போல இருந்தது.

அக்காவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். நீர்வேலியில் ஆறு பரப்புக் காணியில் வாழை. புருஷன் இறந்து பதினொரு வருடம். மகன் லக்ஷன் யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறான், தினமும் பஸ்ஸில் போய் வருவான். இருக்கும் வீடு அக்காவுடையது அல்ல. சுவிஸில் இருக்கும் அண்ணன் பரமலிங்கத்துடையது. தோட்டக் காணியும் கிணறும் அவருடையவை. கரண்ட் மீற்றர்கூட அவர் பெயரில். அக்கா கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

மோட்டார் சைக்கிளும் அவருடையதுதான். ஒன்பது வருடத்துக்கு முன் புதிதாக வாங்கியது. மூன்று முறை ஊருக்கு வந்தபோது ஓடியிருக்கிறார். மிச்ச நாள் முழுவதும் அது வீட்டு விறாந்தையில் பெட்சீற்றால் போர்த்தி நின்றது. லக்ஷன் அதைத் துடைப்பான், ஏறமாட்டான். ஏறக்கூடாது என்பது சட்டம். மீற்றரில் நாலாயிரத்து இருநூறு கிலோமீற்றர் காட்டியது.

"நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அண்ணை வாறார். மகளையும் கூட்டிக்கொண்டு" என்றார் அக்கா. "ஃபுல் சர்விஸ் செய்து வைக்கட்டாம். என்னென்ன செலவெண்டு எழுதி, போட்டோ எடுத்து அனுப்பட்டாம்."

பார்த்தேன். பற்றரி செத்துப்போயிருந்தது. காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பிசினாகக் கட்டியிருந்தது. அவை பரவாயில்லை. ரயர்தான் பிரச்சினை. இரண்டும் பார்வைக்குப் புதியவை. தேய்வே இல்லை, வெட்டுகள் ஆழமாகக் கிடந்தன. பக்கவாட்டில் பெருவிரலை வைத்து அமத்தியபோதுதான் தெரிந்தது. மயிர் மயிராக வெடிப்பு. ஓடித் தேய்ந்த ரயரைக் குருடனும் தடவிக் கண்டுபிடிப்பான். நின்ற இடத்திலேயே செத்த ரயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"ரெண்டும் மாத்தவேணும் அக்கா."

"விசரே உனக்கு? புதுசு மாதிரியெல்லோ கிடக்கு."

"கிடக்கும். வேகமா ஓடினால் வெடிக்கும்."

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. அக்கா அதைப் படமெடுத்து அனுப்பினார். பத்து நிமிடத்தில் அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. அக்கா போனைச் சத்தமாக வைத்தார்.

"நாற்பத்தொம்பதாயிரமோ? இங்கத்தைக் காசுக்கு நூற்று முப்பது பிராங் வரும். இங்கை கராஜ்காரன் கிட்ட வந்து பாக்கிறதுக்கே அதைக் கேப்பான். செய்யச் சொல்லு. ஆனால் பழைய சாமான் முழுக்க வாங்கி வை, நான் வந்து பாப்பன். அங்கை இருக்கிறவங்கள் சுத்துமாத்துக்காரர்."

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிப் போட்ட ரயர் ஒன்றின் மேல் குந்தினார். போகவில்லை. நான் பற்றரியைக் கழற்றத் தொடங்கினேன்.

"சுதன், தோட்டத்துத் தண்ணி மோட்டர் எரிஞ்சுபோச்சு."

"எப்ப?"

"ஒம்பது நாளாச்சு. வாழை அடி வெடிச்சுப்போய் நிக்குது. திருப்பிக் கம்பி சுத்தப் பதின்மூண்டு பதின்னாலாயிரம் வேணுமாம்."

"அண்ணையிட்டைக் கேக்கலாமே."

"கேட்டனான். தோட்டத்தாலை லாபம் இல்லையெண்டால் விடட்டாம். விட்டிட்டு என்னத்தைத் தின்னுறது எண்டு சொல்லேல்லை." அக்கா அழவில்லை. அழுகிற ஆளும் இல்லை. "உந்த ரெண்டு ரயரிலை ஒண்டை விட்டால் என்ன?"

"விடேலாது அக்கா."

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும். மாத்திறது ஒண்டை மாத்து. மிச்சக் காசை என்னட்டைத் தா. அவர் நிக்கிறது மூண்டு கிழமை. கோயிலுக்கும் கடைக்கும் ஓடப்போறார். அவரின்ரை மோட்டச்சைக்கிள் விறாந்தையிலை நிக்கிறதுக்கு அம்பதாயிரம். எனக்கு ஆறு பரப்பு சாகுது."

நான் ரயர்களைப் பார்த்தேன். பாரம் விழுவது பின் ரயரில். பின்னதைக் கட்டாயம் மாற்றவேண்டும். முன்னதுக்குப் பாரம் குறைவு. ஆறுதலாக ஓடினால் மூன்று கிழமை தாங்கும். இப்படித்தான் அக்காவுக்குச் சொன்னேன். எனக்கும் சொன்னேன். அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் இருக்கிறது. பின் ரயர் வெடித்தால் ஓடுகிறவன் ஆடி ஆடி நிறுத்தப் பார்க்கலாம். முன் ரயர் வெடித்தால் ஹான்டில் கையில் இருக்கும், சொல்வதைக் கேட்காது.

முன் ரயருக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு. அண்ணன் அனுப்பிய காசு வந்ததும் அதை எண்ணி அக்காவிடம் கொடுத்தேன். அதில் ஒரு சதமும் நான் எடுக்கவில்லை. நல்லவன் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்குப் பங்கு இருந்திருந்தால் பிடிபடுவதைப்பற்றியாவது யோசித்திருப்பேன். பங்கு இல்லாததால் செய்தது சின்ன உதவி என்று நினைத்து நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

முன் ரயருக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்தேன். வெடிப்புகளுக்குள் கறுப்பு இறங்கி மூடிக்கொண்டது. புதிய பின் ரயரைவிட அதுதான் மினுங்கியது.

பிறகு பழைய சாமான். பில்லில் இரண்டு ரயர், ஆகவே பழையதும் இரண்டு வேண்டும். பின்னது இருந்தது. முன்னதுக்கு, பின்பக்கக் குவியலில் அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்தேன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவருடையது, போன மாதம் கழற்றியது. மொட்டை. நூல் வெளியே தெரிந்தது.

"பழசெண்டால் உப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்றார் அக்கா. திருப்தியாக இருந்தது அவருக்கு. எனக்கும்தான்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன் பரமலிங்கம் வந்து சேர்ந்தார். அன்று பின்னேரமே என் கராஜைக் கடந்து போனார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான ஆள், வெள்ளைச் சப்பாத்து. பின்னால் மகள் நிவேதனா, பதினேழு வயது, ஹெல்மெற்றைத் தலையில் வைத்திருந்தாள், பட்டி பூட்டியிருக்கவில்லை. முப்பது முப்பத்தைந்து வேகத்தில்தான் போனார். சொன்னேனே, ஆறுதலாக ஓடினால் தாங்கும்.

அதன் பிறகு எனக்கு அந்த எஞ்சின் சத்தம் தனியாகக் கேட்கத் தொடங்கியது. வீதியில் ஒரு நாளைக்கு ஆயிரம் மோட்டார் சைக்கிள் போகும். ஒன்றையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அது சந்தி திரும்பும்போதே கை நின்றுவிடும். மூன்றாம் நாள் ஐம்பதில் போனார். ஐந்தாம் நாள் பஸ் ஒன்றை வெட்டிக்கொண்டு போனார். வெயிலுக்கும் தூசிக்கும் பொலிஷ் மங்கிவிட்டிருந்தது. முன் ரயர் சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

"நீர்தானே ஜெயசுதன்? சோக்கான வேலை செய்திருக்கிறீர். தண்ணி மாதிரி ஓடுது."

"ஓம் அண்ணை."

"நாளைக்கு மகளோடை பருத்தித்துறை போறன். மனிசியின்ரை ஆக்கள் வீட்டை. வல்லை வெளியிலை ஒருக்கா இழுத்துப் பாக்கவேணும். நூறு தட்டுமோ?"

வல்லை வெளி இங்கிருந்து சில மைல்தான். இரண்டு பக்கமும் வெறுந்தரை, தண்ணீர், ஒரு மரம் கிடையாது. காற்று பக்கத்திலிருந்து அடிக்கும். வீதி நேராகக் கிடப்பதால் அங்கே போனால் எல்லோருக்கும் கை தானாக முறுக்கும்.

"காத்து கூட அண்ணை. மெதுவாப் போங்கோ."

"என்னடாப்பா, ரெண்டும் புது ரயர். நீரே பூட்டிப்போட்டு நீரே பயப்பிடுறீர்." சிரித்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை என் சட்டைப் பையில் செருகினார். "இது பில்லுக்கு வெளியிலை. வேலை தெரிஞ்சவனுக்குக் குடுக்கவேணும்."

வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திறந்தால் முதலில் விழுவது அக்காவின் தலை என்று நினைத்தேன். என் சுவரில் இருக்கும் சிவப்பு எழுத்தையும் நினைத்தேன். இரண்டில் எது முதல் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியாது.

அவர் போனதும் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு முன் ரயர் வாங்கினேன். என் காசு. அவரிடம் சொல்ல ஒரு பொய்யும் தயாரித்தேன். அந்தத் தொகுதி ரயரில் பிழை என்று கடைக்காரன் திருப்பி எடுக்கிறான், சும்மா மாற்றிக் கொடுக்கிறேன், ஒரு மணித்தியால வேலை. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் கழற்றி எடுத்துவிடலாம், ஒருவருக்கும் நோகாது என்று நம்பினேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, ரயரைப் பின் சீற்றில் கட்டிக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தோட்டத்து மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. கம்பி சுற்றிய மோட்டர் நன்றாக ஓடியது. வாழைக்கு இடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு மேலால் ஒரு ஆளின் சத்தம் கேட்டது.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் புறப்படத் தயாராக நின்றது. பக்கத்தில் நிவேதனா ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அக்கா குசினி வாசலில். நடுவில் பரமலிங்கம். காலடியில் நான் கொடுத்த மொட்டை ரயர் கிடந்தது. புறப்படுமுன் பழைய சாமான்களை ஒருமுறை பார்க்கலாமென்று பின்பக்கம் போயிருக்கிறார்.

"நல்ல நேரம் வந்தீர்" என்றார் என்னைப் பார்த்து. "இஞ்சை வாரும். இந்த ரயர் ஆரின்ரை?"

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்.

"என்ரை மோட்டச்சைக்கிள் நாலாயிரம் கிலோமீற்றர் ஓடினது. நாலாயிரத்துக்கு ரயர் இப்பிடித் தேயுமோ? சொல்லும். நூல் தெரியுது. இது இருபதாயிரம் ஓடின ரயர். பின்னதை இடையிலை மாத்தியிருப்பான். மீற்றர் வயரைக் கழட்டிப்போட்டு ஓடியிருக்கிறான் இவளின்ரை பெடியன். நான் அங்கை குளிருக்குள்ளை பெட்டி தூக்க, இவர் இங்கை ஊர் சுத்தியிருக்கிறார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழையதென்றால் தேய்ந்திருக்கவேண்டும் என்று நானும் அக்காவும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம். நின்ற வாகனம் எங்கே தேயும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. லக்ஷன் அந்த நேரம் இரும்புக் கடையில் கம்பி நிறுத்துக்கொண்டிருப்பான்.

"லக்ஷன் ஓடேல்லை, நீங்கள் ஏறக்கூடாதெண்டு சொன்னதிலையிருந்து அவன்..." என்று அக்கா தொடங்கினார்.

"அப்ப இந்த ரயர் எங்காலை வந்தது? நடந்து வந்ததோ?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தது. மகன் திருட்டுத்தனமாக ஓடினான் என்றால் ஒரு மாதக் கோபம். பில்லில் களவு என்றால் வேறு கணக்கு.

"ஓம்" என்றார் அக்கா. "ஓடினவன். நான்தான் மறைச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

ஒரு தாய் மகனை இவ்வளவு விரைவாக விற்றதை நான் முன்பு கண்டதில்லை.

"பாத்தியோ?" என்றார் பரமலிங்கம் மகளிடம். "இதுதான் உங்கடை மாமி வீடு." சாவியை எடுத்தார். "ஏறு. நாங்கள் போவம். வந்து மிச்சம் கதைக்கிறன்."

வல்லை வெளியை நினைத்தேன். இந்தக் கோபத்தோடு அவர் கை எப்படி முறுக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணை, ஏறாதேங்கோ" என்றேன். "அக்கா சொல்லுறது பொய். லக்ஷன் ஓடேல்லை. அந்த மொட்டை ரயர் உங்கடை இல்லை. நான்தான் வேறை வாகனத்திலை கழட்டினதைத் தந்தனான். உங்கடை பழைய முன் ரயர் இன்னும் உதிலைதான் கிடக்கு. மாத்தேல்லை. உக்கிப்போச்சு. வெடிக்கும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல சிநேகிதம். பெடியனைக் காப்பாத்த உம்மடை தொழிலையே பழுதாக்கிறீர். அவள் ஓமெண்டு ஒத்துக்கொண்டாள், நீர் இல்லையெண்டுறீர்."

"உண்மையாச் சொல்லுறன் அண்ணை. இந்தா, புது ரயர் கொண்டுவந்திருக்கிறன். இப்பவே பூட்டித் தாறன்."

"ஓ! அதுதானே பாத்தன். இப்ப இன்னொரு ரயரும் விக்கப்போறீர்."

"காசு வேண்டாம்."

"வேண்டாமோ?" அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "இந்த ஊரிலை சும்மா ஒரு ஆணி தருவாங்களோ? ரயர் தாறாராம் சும்மா. என்ன, எனக்கு ஒண்டும் விளங்காதெண்டு நினைச்சீரோ?"

நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறைக் கேள்வி கேட்காமல் தந்தவர். விலை சொன்னபோது நம்பினார். விலை இல்லை என்றதும் நம்பவில்லை.

"அக்கா, சொல்லுங்கோ" என்றேன்.

அக்கா தோட்டப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பரமலிங்கம் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நிவேதனா ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். அவள் முகம் ஒருமுறை என் பக்கம் திரும்பியது, பிறகு தகப்பனின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பட்டி இன்றைக்கும் பூட்டவில்லை.

என் சட்டைப் பையில் காற்று வால்வைத் திறக்கும் சாவி எப்போதும் இருக்கும், விரல் நீளத்துக்கு. மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தி, முன் சில்லின் வால்வைக் கழற்றி இழுத்தேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. பரமலிங்கம் கத்தினார். கால் என் தோளில் விழுந்தது. வெள்ளைச் சப்பாத்து. விழுந்தேன், ஆனால் வால்வு என் கைக்குள் இருந்தது.

"பொலிசுக்குப் போவன்! நாயே!"

காற்று போகப் போக முன்பக்கம் பதிந்தது. இரண்டு ஆட்களின் பாரமும் அந்த ரயரின் பக்கவாட்டில் வந்து இறங்கியது. றப்பர் மடிந்தது. மடிந்த இடத்தில் வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. முதலில் நகக்கீறல் போல. பிறகு விரல் நுழையும் அளவுக்கு. உள்ளே நூல் பழுப்பாகத் தெரிந்தது. நான் பூசிய பொலிஷ் உதிர்ந்து மண்ணில் கறுப்புத் தூளாக விழுந்தது.

நிவேதனாதான் முதலில் கண்டாள். இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்பா. எஞ்சினை நிப்பாட்டுங்கோ. இதை வந்து பாருங்கோ."

அவர் நிறுத்தினார். இறங்கினார். நிலத்தில் முழங்கால் ஊன்றி, வெடிப்பொன்றில் பெருவிரல் நகத்தை வைத்து அமத்தினார். நகம் உள்ளே போனது. ஒரு துண்டு றப்பர் பிஸ்கட் போல உடைந்து கையில் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளைப் பார்த்தார், அவள் தலையில் பட்டி பூட்டாமல் இருந்த ஹெல்மெற்றைப் பார்த்தார்.

சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எவ்வளவு?" என்றார் கடைசியில். என்னைக் கேட்கவில்லை.

"பதின்மூவாயிரத்தைஞ்ஞூறு" என்றார் அக்கா.

"என்னத்துக்கு?"

அக்கா சொல்லத் தேவை இருக்கவில்லை. எல்லோருக்கும் மோட்டர் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பரமலிங்கம் தலையைத் தோட்டப் பக்கம் திருப்பினார்.

"உதுக்கோ?"

"ஓம் அண்ணை."

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். விறாந்தைச் சுவரில் மீற்றர் பெட்டி இருந்தது. நடந்துபோய் அதன் மூடியைத் திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். மோட்டர் நின்றது. வீட்டுக்குள் ஓடிய ஃபானும் நின்றது. பெட்டியை மூடி, மோட்டார் சைக்கிள் சாவியோடு கோர்த்திருந்த சின்னச் சாவியால் பூட்டினார். அப்படி ஒரு பூட்டு அதில் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

"நான் போறதுக்கிடையிலை நீயும் பெடியனும் ஒரு இடம் பாருங்கோ, நாகேஸ்" என்றார். கோபமில்லாத குரல். "வீட்டை வாடகைக்குக் குடுக்கப்போறன். வாறவன் களவெடுத்தாலும் பிறத்தியான்தானே."

பிறகு என்னிடம், "அதைப் பூட்டும்" என்றார்.

பூட்டினேன். தோள் நொந்தது, கை தன்பாட்டில் ஓடியது. பழக்கப்பட்ட வேலை. சில்லைக் கழற்றி, செத்த ரயரைப் பெயர்த்து எடுக்கும்போது அது கையோடு துண்டு துண்டாக வந்தது. நிவேதனா உள்ளே போய்விட்டாள். பரமலிங்கம் விறாந்தைத் திண்ணையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். என்னுடைய வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஆள் வேறு இல்லை.

முடிந்ததும், "ரயர் எவ்வளவு?" என்றார்.

"பதின்மூண்டரை."

"கூலி?"

"ஐஞ்ஞூறு."

எண்ணித் தந்தார். வாங்கினேன். முந்திய நாள் அவர் தந்த ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதை அவர் வாங்கவில்லை, திண்ணையில் வைத்தேன். அது காற்றில் முற்றத்துக்குள் பறந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"பழசைத் தந்திட்டுப் போம்" என்றார்.

செத்த ரயரின் துண்டுகளைப் பொறுக்கி, அக்கா தந்த சொப்பிங் பையில் போட்டு, வழக்கம்போல ஹான்டிலில் கொழுவினேன்.

அன்று அவர்கள் பருத்தித்துறைக்குப் போகவில்லை.

நான் வெளிக்கிடும்போது படலையடியில் அக்கா வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தார். வாய்க்காலில் பாதி தூரம் வந்த தண்ணீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசை வாழைக்கு அது போய்ச் சேரவில்லை.

"வெடிக்காமலும் போயிருக்கும்தானே, சுதன்" என்றார்.